தகட்டில் ஒரு எண், கம்பியில் வேறு எண்: மியூசியத்தின் பின்கொட்டகை இன்ஜின்கள்

ஞாயிறுப்பயணி:

வணக்கம். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ரயில் மியூசியத்துக்குப் போயிருந்தேன். முன்மண்டபத்தில் நின்ற பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்களைச் சுற்றி ஒரே கூட்டம். கிட்டேயே நெருங்க முடியவில்லை என்று பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தோம். சுரங்கம், கல்குவாரி, தொழிற்சாலை என்று வேலிக்குள்ளேயே ஓடிய குட்டி இன்ஜின்கள் ஏழெட்டு நின்றன. எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அறிவிப்புப் பலகையில் கம்பெனி பெயரும் வருடமும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒன்று. ஒரு இன்ஜின் பெரிய சோடா பாட்டிலைப் படுக்க வைத்தது போல இருந்தது. நிலக்கரி போடும் கதவே இல்லை. சிலிண்டர்கள் முன்னால் இல்லாமல், டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே இருந்தன. "அப்பா, இதில் நெருப்பை எங்கே வைப்பார்கள்?" என்றாள் மகள். நான் பலகையைப் பார்த்தேன், பலகை என்னைப் பார்த்தது.

இரண்டு. முதுகில் தண்ணீர்த் தொட்டி சுமந்த இன்னொரு நீராவி இன்ஜினில், பக்கவாட்டுப் பித்தளைத் தகட்டில் ஒரு எண். சக்கரங்களை இணைக்கும் கம்பியில் வேறு எண் குத்தியிருந்தது. மியூசியக்காரர்கள் இரண்டு மூன்று இன்ஜினை ஒட்டுப்போட்டு ஒன்றாகக் காட்டுகிறார்களா?

மூன்று. மூலையில் ஒரு டீசல். இரும்புப் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்தது போல, ஒரு காரை விடக் கொஞ்சம்தான் பெரிது. இதையெல்லாம் ஏன் பாதுகாக்கிறார்கள் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்.

பழைய ஸ்பேனர்:

நல்ல கொட்டகைக்குத்தான் போயிருக்கிறீர்கள். முப்பது வருடம் ஆலை இன்ஜின்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். இப்போது ஓய்வில், இதே மாதிரி ஒரு கொட்டகையில் சனிக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகளின் கேள்விக்கு முதலில் பதில்: எங்கேயும் வைக்கமாட்டார்கள். அது ஃபயர்லெஸ், நெருப்பில்லா இன்ஜின். அந்தப் பாட்டில் பாய்லரே அல்ல, பிளாஸ்க். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஆலையில் எப்படியும் பெரிய பாய்லர் ஓடிக்கொண்டுதானே இருக்கும், அதிலிருந்து ஒரு குழாயை மாட்டி உயர் அழுத்த நீராவியை உள்ளே ஏற்றுவார்கள். 15 பார் அழுத்தத்தில் தண்ணீர் 200 டிகிரியை ஒட்டிச் சூடாகி, கொதிக்காமல் காத்திருக்கும். டிரைவர் ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறையும். குறைந்த உடனே தண்ணீரில் ஒரு பங்கு தானாகவே நீராவியாக மாறும். இப்படிக் கொதித்துக் கொதித்தே சில மணி நேரம் ஷண்டிங், அதாவது முற்றத்துக்குள் வண்டிகளை இழுத்துத் தள்ளி இடம் மாற்றும் வேலை, பார்த்துவிடும். அப்புறம் மறுபடி குழாயடிக்குப் போக வேண்டியதுதான்.

வெடிமருந்து ஆலை, காகித ஆலை மாதிரி ஒரு பொறி பறந்தால் ஊரே போய்விடும் இடங்களில் இதற்கு நல்ல மரியாதை. 1870களில் நியூ ஆர்லியன்சில் எமில் லாம் என்பவர் தெரு டிராமுக்காகச் செய்து பார்த்த யோசனை இது. ஏதோ பழங்கால விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையில் 1980களில்கூடப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

சிலிண்டர் ஏன் பின்னால்? சாதாரண நீராவி இன்ஜினில், சிலிண்டரில் வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கி வழியாக மேலே ஊதுவார்கள். அந்த ஊதல்தான் ஃபயர்பாக்ஸுக்குள் காற்றை இழுத்து நெருப்பை வளர்க்கும். அதனால் சிலிண்டர் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நெருப்பே இல்லாதவனுக்கு அந்தக் கட்டாயம் ஏது? வசதியான இடத்தில் வைத்துக்கொண்டான். சிலிண்டர்கள் உடம்புக்குப் பொருந்தாமல் பருமனாக இருந்திருக்குமே? நேரம் ஆக ஆக அழுத்தம் இறங்கும், இறங்கிய அழுத்தத்திலும் வண்டியை இழுக்க வேண்டும். அதற்காகத்தான்.

அடுத்த முறை போனால் நீராவி ஏற்றும் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.

இனி எண் விவகாரம். மோசடி இல்லை, தம்பி. அதுதான் அந்த இன்ஜினின் ஜாதகம்.

ஒரு இன்ஜினைக் கட்டும்போதே கம்பெனிக்காரன் தன் வரிசை எண்ணை முக்கிய உறுப்புகளில் உளிமாதிரி அச்சால் குத்திவிடுவான். இணைப்புக் கம்பி, பிஸ்டன் கம்பி, வால்வு கியர் எல்லாவற்றிலும் இருக்கும். ஆலை இன்ஜின் கட்டியவர்களில் பலர் ஒரே அளவில் மாடல்களை வைத்துத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். பிரிஸ்டலின் பெக்கெட், லீட்ஸின் ஹன்ஸ்லெட், கில்மார்னக்கின் ஆண்ட்ரூ பார்க்லே, ஸ்டாஃபோர்டின் பாக்னால் எல்லாம் அந்த வகை. சுரங்க முதலாளி ஒரே மாடலில் நாலு இன்ஜின் வைத்திருப்பார். இரண்டு ஓடும், ஒன்று பழுது பார்க்கப்படும், இன்னொன்று மூலையில் நின்று மற்ற மூன்றுக்கும் உறுப்பு தானம் செய்யும். திங்கட்கிழமை காலை வண்டி ஓடியாக வேண்டும் என்றால் ஃபிட்டர் எந்தக் கம்பி நேராக இருக்கிறதோ அதை எடுத்து மாட்டுவான். எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். நானும் நின்றதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இது உச்சத்துக்குப் போனது. ஹன்ஸ்லெட் வரைந்து 1943இல் வெளிவந்த 'ஆஸ்டெரிட்டி' என்ற ஆறு சக்கர சேடில் டேங்கை (நீங்கள் பார்த்த மாதிரி முதுகில் தொட்டி சுமக்கும் ரகம்) அவர்கள் மட்டுமல்ல, வேறு கம்பெனிகளும் சேர்ந்து கட்டின. 1964 வரை மொத்தம் 485. போர் முடிந்ததும் ராணுவத்துக்கு வேண்டாதவை சுரங்கங்களுக்குப் போயின. ஒரே அச்சில் வார்த்த அத்தனை இன்ஜின், உறுப்புகள் இடம் மாறாமல் இருக்குமா? பிரிட்டனின் பொது ரயில்வேயில் நீராவி 1968இல் நின்றுவிட்டது. சுரங்கப் பாதைகளிலோ இந்த ஆஸ்டெரிட்டிகள் சில, 1980களின் தொடக்கம் வரை நிலக்கரி இழுத்தன.

ஆக, பித்தளைத் தகடு பிறந்த தேதியைச் சொல்லும். கம்பியில் உள்ள குத்து எண்தான் வாழ்ந்த கதையைச் சொல்லும்.

ஒரு பழைய எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு சேடில் டேங்கைத் திறப்பு விழாவுக்குப் பளபளப்பாக்க வேண்டும் என்று மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். பாதிக் குத்து எண்கள் மழுங்கிப்போயின. தொட்டியின் பக்கவாட்டில் ஏழு அடுக்கு பெயின்ட் இருந்தது. முதல் உரிமையாளரின் நிறம், அடுத்தவரின் நிறம் என்று மரத்தில் வளையம் எண்ணுவது மாதிரி எண்ணலாம். எல்லாம் தரையில் தூளாகக் கிடந்தது. மேலே எந்த இன்ஜினுக்கும் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு பச்சையை அடித்தார்கள். சொல்ல வாயெடுத்தேன், டீ கொண்டு வந்து கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

டீசல் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்கு மூச்சு வாங்க வேண்டும்.

கரிவாளி:

ஸ்பேனர் அண்ணன் வருவதற்குள் சேடில் டேங்க் பற்றி நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வாரக்கடைசியில் ஃபயர்மேன் வேலை பார்க்கிறேன், சம்பளம் இல்லாமல்.

தொட்டியை முதுகில் வைத்தது அழகுக்காக இல்லை. பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியை இழுத்துக்கொண்டு ஆலை முற்றத்தின் வளைவுகளில் திரும்ப முடியாது. தண்ணீரின் எடை நேராகச் சக்கரத்தின் மேல் விழுவதால் பிடிமானமும் கிடைக்கும். படிக்க அருமையாக இருக்கிறதா? பாய்லருக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் தொட்டித் தண்ணீர் மத்தியானத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். தொட்டித் தண்ணீரை நீராவியால் பாய்லருக்குள் தள்ளும் இன்ஜெக்டருக்குச் சூட்டுத் தண்ணீர் ஆகாது. தண்ணீரை பாய்லருக்குள் தள்ளாமல் கீழே துப்பும். பாய்லர் தண்ணீரின் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் அது இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர் துப்புகிற சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசையும். இன்ஜெக்டர் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிரவைத்துக் கெஞ்சிய நாட்கள் உண்டு.

அந்த இன்ஜினில் ஏற முடிந்தால் தரைத் தகட்டைப் பாருங்கள். மண்வாரி உரசி உரசி ஒரு இடம் மட்டும் பள்ளமாக இருக்கும். அங்கே காலை வைத்துத்தான் யாரோ வாழ்க்கை முழுக்கக் கரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

நாற்சக்கரம்:

இப்படி நிற்க வைத்துவிடுவதை விட எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினால் என்ன? நின்ற இன்ஜின் செத்த இன்ஜின் இல்லையா?

பழைய ஸ்பேனர்:

நாற்சக்கரம், ஓட்டுவதும் தேய்ப்பதும் ஒன்றுதான். பாய்லர் சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் பாய்லர் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே ஆணிகளும் குழாய் முனைகளும் அடி வாங்கும். அதனால்தான் முந்தின நாள் சாயங்காலமே சின்னதாக நெருப்பு மூட்டி மெதுவாக உடம்பைச் சூடாக்குகிறோம். பத்து வருடத்துக்கு ஒருமுறை பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்கி, பிரித்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை என்பது பிரிட்டனின் பாரம்பரியப் பாதைகளில் வழக்கம். ஒவ்வொரு முறையும் அசல் இரும்பு கொஞ்சம் போய்ப் புது இரும்பு வரும். ஒரே மாடலில் இருபது மிஞ்சியிருந்தால் இரண்டை ஓட்டுங்கள். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால் கையை வைக்காதீர்கள்.

நிற்கிற இன்ஜினுக்கும் வேலை உண்டு. புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப்பெட்டியில் ஈரச் சாம்பலை விட்டுவைத்தால் அடித்தகட்டைத் தின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கால் சுற்று உருட்டி, பேரிங்கில் எண்ணெய் விட வேண்டும். பழைய பாய்லர் போர்வையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைத் தெரியாத்தனமாகக் கையால் பிய்க்கக் கூடாது, அதற்கென்று ஆள் வர வேண்டும்.

சரி, டீசல்.

அந்த இரும்புப் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் பாட்டன்கள் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கு ஷெல் சுமந்தவர்கள். பெட்ஃபோர்டின் மோட்டார் ரயில் கம்பெனி 'சிம்ப்ளெக்ஸ்' என்ற பெயரில் 20, 40 குதிரைத்திறனில், 60 சென்டிமீட்டர் அகலப் பாதைக்குக் கட்டியவை. அப்போது பெட்ரோல் இன்ஜின். நீராவி இன்ஜின் பகலில் புகையாலும் இரவில் நெருப்பாலும் எதிரிக்கு முகவரி கொடுத்துவிடும், அதனால் முன்வரிசைக்கு இவைதான். போர் முடிந்து மிஞ்சியவை செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போயின, பின்னால் டீசலாக மாறின. டிரைவர் இருக்கை பக்கவாட்டில் திரும்பியிருந்ததா? முன்னும் பின்னும் ஒரே வேகம், ஒரே பார்வை. திருப்பி நிறுத்த மேடை தேவையில்லை. அடியில் குனிந்தால் சைக்கிள் மாதிரிச் சங்கிலி தெரியும், இரண்டு அச்சுக்கும் அதுதான் ஓட்டம். சட்டத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகளை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அவை இல்லையென்றால் எடை போதாமல் சக்கரம் சும்மா சுற்றும்.

சுரங்கத்துக்குள் போன டீசல்கள் வேறு சாதி. புகையைத் தண்ணீர்ப் பெட்டி வழியாக விட்டுத்தான் வெளியே அனுப்பும். பொறி அணையும், சூடும் இறங்கும். மீத்தேன் இருக்கிற இடத்தில் அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ரகம் என்றால் ஒரு விஷயம். நான்கு விரலும் கட்டைவிரலும் கைப்பிடிக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கட்டைவிரல் போய்விடும். எனக்கு இதை முதல் நாளே சொன்னார்கள். இரண்டாம் நாள் மறந்தேன். இடது கட்டைவிரல் இன்றும் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது.

ஏன் பாதுகாக்கிறார்கள் என்றீர்களே. எங்கள் கொட்டகையில் காலையில் அந்தப் பெரிய நீராவி இன்ஜின்களை வெளியே இழுத்து வைப்பதும், சாயங்காலம் உள்ளே தள்ளுவதும் இப்படி ஒரு டீசல்தான். எக்ஸ்பிரஸ் இன்ஜின் எங்களிடம் வந்த பிறகு சொந்தமாக ஓரடி நகர்ந்ததில்லை. மூலையில் இருக்கிறவன் இன்னும் ஓய்வு பெறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் பார்த்தவனின் சக்கர ஓரம் துருப்பிடித்திருந்ததா, மின்னியதா? மின்னினால் அவனும் சம்பளக்காரன்தான்.

ஞாயிறுப்பயணி:

இன்றைக்கு மறுபடி போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் நன்றி.

டீசலின் சக்கரம் மின்னுகிறது. அடியில் எண்ணெய்ச் சொட்டுப் பிடிக்க ஒரு தகர டப்பாவும் வைத்திருக்கிறார்கள். காவலரிடம் கேட்டேன், காலை எட்டு மணிக்கு வந்தால் ஓடுவதைப் பார்க்கலாம் என்றார். கைப்பிடி ஒரு ஆணியில் தொங்கியது. மகள் கட்டைவிரலை மடக்கிக் காட்டி அவருக்கே பாடம் நடத்தினாள்.

ஃபயர்லெஸ்ஸின் வால்வு முன்பக்கம், கீழே இருக்கிறது. அவள்தான் கண்டுபிடித்தாள்.

சேடில் டேங்கில் நான்கு கம்பிகளையும் பார்த்தோம். இரண்டில் தகட்டில் உள்ள எண்ணேதான். மூன்றாவதில் வேறு. நான்காவதில் பெயின்ட் தடிமனாக மூடியிருக்கிறது, அடியில் ஏதோ குத்தியிருப்பது விரலுக்குத் தெரிகிறது. பையில் சாவி இருந்தது. ஸ்பேனர் ஐயாவை நினைத்து, சுரண்டவில்லை.