ஸ்லோ குக்கர்ல போர்க் சாப்ஸ் வறண்டு போகுது, வழி சொல்லுங்க

பெரம்பூர்ல இருக்கேன். மூணு ஞாயித்துக்கிழமையா ஸ்லோ குக்கர்ல போர்க் சாப்ஸ் கிரேவி வைக்கிறேன். கிரேவி அருமையா வருது. கறி மட்டும் நார் நாரா பிரிஞ்சு, வாயில போட்டா மரத்தூள் மாதிரி இருக்கு.

அப்பாவுக்கு 74 வயசு, பல்செட் போட்டிருக்கார். "குழம்பே போதும்மா"ன்னு சொல்லிட்டு, கறியைத் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சார். மனசு கேக்கல.

குக்கர் 3.5 லிட்டர், பீங்கான் பானை. லோ, ஹை, வார்ம் மூணே செட்டிங். கறி முதுகுப் பக்கத்துத் துண்டு, எலும்போட, அரை இஞ்ச் கனம். ஓரத்துல கோடு மாதிரி கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். முதல் தடவை லோவில் 8 மணி நேரம். அடுத்து ஹையில் 4. போன வாரம் ராத்திரியே உப்புத் தண்ணியில ஊற வச்சு, வாணலியில ரெண்டு பக்கமும் சிவக்க விட்டு, வெங்காயம், மிளகு, வினிகர் கிரேவியில லோவில் 6 மணி நேரம். கொஞ்சம் தேவலை. சாப்ஸ் கிரேவியில முழுகித்தான் இருந்துச்சு, அதனால தண்ணி குறைச்சல் இல்ல.

தோள்பட்டைக் கறியில கொலாஜன் (சவ்வுல இருக்கிற புரதம்) அதிகம், மெல்ல உருகி மெத்துன்னு ஆகும்னு தெரியும். ஆனா அப்பாவுக்கு எலும்போட சாப்ஸ்தான் வேணும். சின்ன வயசுல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி கொடுத்த ருசி அது.

தோள்பட்டைப் பக்கத்துலயே எலும்போட ஒரு இஞ்ச் கனத்துக்கு வெட்டி வாங்கினா, லோவில் எத்தனை மணி நேரம் வைக்கணும்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.