ஓட்டுரிமைக்கு "செயலில் இருக்கும் மெயின்டெய்னர்" யார்? கவர்னன்ஸ் கோப்பில் எப்படி எழுதுவது?

கேள்வி

வணக்கம். ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்கு கவர்னன்ஸ் கோப்பை (யார் எப்படி முடிவெடுப்பது என்ற விதிகள்) திருத்தி எழுதுகிறோம். மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) பட்டியலில் 9 பேர். முக்கிய முடிவு எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 ஆதரவு ஓட்டு வேண்டும் என்பது பழைய விதி. மூன்று பேரிடமிருந்து ஓராண்டாகப் பதிலே இல்லை. மிச்சமிருக்கும் ஆறு பேரும் ஒருசேர "சரி" சொன்னால்தான் ஏதாவது நிறைவேறும். ஒருவர் லீவில் இருந்தால் அதுவும் நின்றுபோகிறது.

செயலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று மாற்றப் பார்க்கிறோம். இப்போதைய வரைவு: "கடந்த 6 மாதத்தில் 10 கமிட்" (கமிட் என்பது கோடில் பதிவாகும் ஒரு மாற்றம்). ஆனால் எங்களில் ஒருவர் கமிட்டே போடுவதில்லை, மற்றவர்கள் மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் பாதியை அவர்தான் ரிவ்யூ செய்கிறார். எதை எண்ணுவது? எவ்வளவு காலத்துக்கு? யார் எண்ணுவது?

பதில் 1

அந்த "10 கமிட்" வரியை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரே மாற்றத்தைப் பத்தாக உடைத்துப் போடுகிறவர் உள்ளே இருப்பார், நீங்கள் சொல்லும் ரிவ்யூ செய்பவர் வெளியே போய்விடுவார். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும் என்பதை, புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்த 2020 ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் எல்லோரும் பார்த்தோம். டி-ஷர்ட்டுக்காக ரீட்மி (அறிமுகக் குறிப்பு) கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய புல் ரிக்வெஸ்ட்டுகள் வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் (கோட் களஞ்சியங்கள்) மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

குபெர்னெட்டிஸ் என்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் ஸ்டியரிங் கமிட்டி (வழிநடத்தும் குழு) தேர்தலிலும் எண்ணத்தான் செய்கிறார்கள்: கடந்த 12 மாதத்தில் 50 பங்களிப்பு. ஆனால் அங்கே இஷ்யூ (பிழை அல்லது கோரிக்கைப் பதிவு) திறப்பது, ரிவ்யூ, கமென்ட் எல்லாமே பங்களிப்பு. அந்த எண்ணிக்கைக்குள் வராத வேலை செய்பவர்கள் விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கத் தனிப் படிவம் உண்டு. எண்ணை வைக்கிறீர்கள் என்றால் படிவத்தையும் சேர்த்து வையுங்கள், ஒன்றை விட்டு மற்றது சரிவராது.

பைத்தான் மொழித் திட்டம் எண்ணையே தொடவில்லை. கோர் டீமின் விதி ஆவணமான பெப் 13 சொல்வது இவ்வளவுதான்: இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பிடும்படி எந்தப் பங்களிப்பும் இல்லாதவரை, செயலில் இல்லாதோர் பட்டியலுக்கு மாறச் சொல்லிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மாற்றிவிடலாம். ஓட்டும் கமிட் உரிமையும் போகும், பெயர் பட்டியலில் இருக்கும், மறுபடி வேலை தொடங்கினால் அவர் விருப்பப்படி திரும்பலாம். 9 பேர் கொண்ட குழுவுக்கு இதுதான் பொருந்தும். 50 என்ற கணக்கு ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் இடத்துக்கானது.

பதில் 2

நோய் வேறு இடத்தில் இருக்கிறது. வராதவர் ஓட்டை "எதிர்ப்பு" என்று எண்ணுகிறது உங்கள் விதி. அதைத் திருத்தினால் யார் செயலில் இருக்கிறார் என்ற சண்டையின் பெரும்பகுதி தானாகவே அடங்கும்.

அப்பாச்சி அமைப்பின் திட்டங்களில் ஒரு ரிலீஸுக்கு பிஎம்சி (திட்ட நிர்வாகக் குழு) உறுப்பினர்களிடமிருந்து குறைந்தது மூன்று +1, அதாவது ஆதரவு ஓட்டு, வேண்டும், ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஓட்டு வழக்கமாக 72 மணி நேரம் திறந்திருக்கும். பட்டியலில் 8 பேரா 80 பேரா என்ற கேள்வியே அங்கே எழாது. டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் கோரம் (தேவையான குறைந்தபட்ச ஆதரவு) வர்க்கமூலத்தில் போகிறது: டெவலப்பர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதன் மூன்று மடங்கு. 1000 பேர் இருந்தால் 31.6-இல் பாதி 15.8, மூன்று மடங்கு சுமார் 47.4. ஆக 48 பேர் ஆதரித்தால் கோரம் தாண்டிவிடும். மற்ற 952 பேரின் மௌனம் யாரையும் தடுக்காது.

உங்களுக்கு: "ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, குறைந்தது 4 ஓட்டு, 7 நாள்".

சரி, பட்டியலையும் சுத்தம் செய்யத்தான் வேண்டும் என்றால், எண்ணும்போது தவறிப்போகும் இடங்கள் இவை. கிட்ஹப்பில் ஸ்க்வாஷ் மெர்ஜ் செய்தால் (பல கமிட்டை ஒன்றாக்கிச் சேர்த்தால்) புல் ரிக்வெஸ்ட்டைத் திறந்தவர்தான் கமிட்டின் ஆத்தர். கூட எழுதியவர்கள் கமிட் செய்தியின் அடியில் "கோ-ஆத்தர்ட்-பை" வரியாக மட்டுமே நிற்பார்கள். ஆள்வாரியாகக் கமிட்டை எண்ணும் கிட் ஷார்ட்லாக் கட்டளை தன் இயல்பில் அந்த வரியைப் பார்க்காது. கிட் 2.29 முதல் உள்ள குரூப் ஆப்ஷனில் ஆத்தரையும், ட்ரெய்லர் எனப்படும் அந்த வரியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள். அடுத்தது மின்னஞ்சல். ஆபீஸ் முகவரியில் 14, சொந்த முகவரியில் 9 என்று ஒரே ஆள் இரண்டு வரியாக வருவார். ரெப்போவின் வேர் அடைவில் (முதல் ஃபோல்டரில்) மெயில்மேப் கோப்பு வைத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

ரிவ்யூ கிட்டில் இருக்காது, கிட்ஹப் ஏபிஐயிலிருந்துதான் (நிரல் மூலம் தகவல் எடுக்கும் வழி) எடுக்க வேண்டும். தேடல் பெட்டியில் "ரிவ்யூட்-பை" போட்டுத் தேதியும் கொடுப்பவர்கள் கவனிக்க: அந்தத் தேதி புல் ரிக்வெஸ்ட்டுக்கானது, ரிவ்யூ நடந்த நாள் அல்ல. பழைய ரிவ்யூவும் புதிதுபோல் வந்து நிற்கும்.

எந்தக் கருவியிலும் சிக்காதவை: தனிப்பட்ட செக்யூரிட்டி புகார்களைக் கையாள்வது, சாட்டில் பதில் சொல்வது, ரிலீஸுக்கு முன் கையால் டெஸ்ட் செய்வது. இவற்றுக்கு இன்னொரு மெயின்டெய்னர் "ஆம், இவர் செய்தார்" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று விதியிலேயே சொல்லிவிடுங்கள். மென்பொருள் பேக்கேஜ் தயாரிக்கும் வேலை செய்யாதவர்களையும் முழு உறுப்பினராக ஏற்பதென்று டெபியன் 2010-இலேயே ஓட்டெடுத்து முடிவு செய்தது.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஓட்டு விதியை நீங்கள் சொன்னபடி மாற்றுகிறோம். ஆனால் அந்த மூன்று பேரிடமும் மெர்ஜ் உரிமையும் (மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை) பேக்கேஜ் வெளியிடும் டோக்கனும் (ரகசிய அனுமதிக் குறி) இருக்கின்றன. அதற்கும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? பிரசவம், உடல்நலம் என்று விலகியிருப்பவரை என்ன செய்வது?

பதில் 3

காத்திருக்கக் கூடாது. ஓட்டு, சாவி (மெர்ஜ் உரிமையும் டோக்கனும்), பெயர் மூன்றையும் ஒரே விதியில் கட்டியதால்தான் இந்தக் குழப்பம். தனித்தனியாகப் பிரியுங்கள்.

சாவி: வெளியிடும் டோக்கன் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் ரத்து. இது யாருடைய தகுதியைப் பற்றியும் தீர்ப்பு அல்ல, கேட்டால் அதே நாளில் புதிது கொடுக்கலாம் என்று கோப்பில் எழுதுங்கள். கவனிப்பாரற்ற கணக்கு ஒன்று திருடுபோனால் பாதிப்பு பயனர்களுக்கு.

ஓட்டு: 12 மாதம் எந்த வேலையும் இல்லையென்றால் மின்னஞ்சலிலும் இஷ்யூவிலும் அவரைக் கேளுங்கள். 30 நாள் அவகாசம், 15-ஆம் நாள் இன்னொரு நினைவூட்டல். "இருக்கிறேன்" என்று ஒரு சொல் வந்தால் அந்த முறை விட்டுவிடலாம், அடுத்த முறையும் வேலை இல்லையென்றால் மாற்றலாம். விடுப்பு என்று முன்கூட்டியே சொன்னவருக்குக் கடிகாரம் ஓடக் கூடாது. காரணம் கேட்காதீர்கள், அது அவர் சொந்த விஷயம்.

பெயர்: எப்போதும் நீக்காதீர்கள். குபெர்னெட்டிஸின் ஓனர்ஸ் (பொறுப்பாளர் பட்டியல்) கோப்பில் விலகிய அப்ரூவர்களுக்கென்று (மாற்றத்துக்கு ஒப்புதல் தருபவர்கள்) "எமெரிட்டஸ்" பகுதியே இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்த எண்ணிக்கையை உரிமையைத் தொடரவோ நிறுத்தவோ மட்டும் பயன்படுத்துங்கள், புதிதாகக் கொடுக்க ஒருபோதும் வேண்டாம். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவு விவகாரத்தில், பின்கதவை நுழைத்த "ஜியா டான்" கணக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பேட்ச் அனுப்பிய கணக்கு. எந்தச் சூத்திரத்திலும் அது முதல் வகுப்பில் தேறியிருக்கும். "திட்டம் மெதுவாகப் போகிறது, புது மெயின்டெய்னர் வேண்டும்" என்ற அழுத்தமும் மற்ற கணக்குகளிலிருந்து வந்தது. சேர்ப்பதை மனிதர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதில் 1

மேலே சொன்னதோடு ஒரு வரி சேருங்கள்: ஓட்டுப் பட்டியல் ஓட்டெடுப்பு அறிவித்த நாளோடு உறைந்துவிடும், அதன் பிறகு அந்த ஓட்டு முடியும்வரை யாரையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது. புது விதியை ஏற்கும் ஓட்டுக்குப் பழைய பட்டியலே செல்லும், 9 பேருக்கும் அழைப்பு போக வேண்டும். அந்த மூவரையும் முன்பே நீக்கிவிட்டு, நீக்குவதற்கான விதியைப் பிறகு நிறைவேற்றினால் நாளைக்கு யாராவது கேள்வி எழுப்பும்போது உங்களிடம் பதில் இருக்காது.