புது மெட்டல் ஆல்பம் கேட்டப்போ உங்களுக்கு என்ன ஆச்சு?

பழையகேசட்:

நானே ஆரம்பிக்கிறேன். ஸ்வீடன் ஹெவி மெட்டல் பேண்டு ஓபெத்தோட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' 2024 நவம்பர்ல வந்துச்சு. வந்த வாரமே ஒரு ராத்திரி, மகளோட ஸ்கூல் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கிட்டே ஹெட்போன்ல கேக்க ஆரம்பிச்சேன். முன்கூட்டி விடற ஒத்தைப் பாட்டையெல்லாம் நான் தொடறதில்ல. ஆல்பம்னா முழுசாத்தான், அது என் கிறுக்கு. அதனால என்ன வரப்போகுதுன்னு காதால கேட்டதில்ல. காலடிச் சத்தம், பேஸ் கிட்டார், கொஞ்சம் பாட்டு, திடீர்னு அடிவயித்துலேர்ந்து அந்த உறுமல். நான் அப்படியே நின்னுட்டேன். இஸ்திரிப் பெட்டியும் சட்டை மேல அப்படியே நின்னுடுச்சு. காலர் பக்கத்துல முக்கோணமா பழுப்புக் கறை. வீட்டுல என்ன நடந்துச்சுங்கறது இந்த இழைக்குத் தேவையில்லாத விஷயம்.

இந்தக் குரலுக்கு நான் 16 வருஷம் காத்திருந்தேங்க. 2008-ல வந்த 'வாட்டர்ஷெட்'ல கேட்டது. அந்த ஆல்பத்தோட சூட்டுல 2009-ல சென்னை ஐஐடியோட சாரங் கலைவிழாவுக்கு ஓபெத் வந்தாங்க. கூட்டத்துல நானும் ஒருத்தன். அவங்க பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் பாட்டுக்கு நடுவுல பக்கத்து வீட்டு ஆள் மாதிரி மெதுவா ஜோக் அடிப்பார். அடுத்த நிமிஷம் உறுமினா தரை அதிரும். அதுக்கப்புறம் 'ஹெரிடேஜ்'லேர்ந்து நாலு ஆல்பம் சுத்தமான குரல்லயே பாடிட்டார். நல்லாத்தான் பாடினார். ஆனா பிரியாணிக் கடையில தயிர்சாதம் நல்லா இருந்தா என்ன பண்ணறது?

புது ஆல்பம் எப்படின்னா, முதல் உலகப் போருக்கு அப்புறம் ஒரு பணக்காரக் குடும்பம், செத்துப்போன பெரியவரோட உயில வாசிக்கறாங்க. ஏழு பாட்டுக்குப் பேரே கிடையாது, உயிலோட பிரிவு எண்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பேர் இருக்கு. ஜெத்ரோ டல் பேண்டோட இயன் ஆண்டர்சன் வந்து உயில வாசிக்கறார், புல்லாங்குழலும் வாசிக்கறார். கதை பிரமாதம். உறுமல் திரும்பிடுச்சேன்னு இது அவங்களோட பழைய ஆல்பம் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆயிடாது. எழுபதுகளோட ப்ரோக் (ப்ரோக்ரஸிவ் ராக்) இசை மேல உறுமல வச்சிருக்காங்க, அவ்வளவுதான். பத்து தடவை கேட்டாச்சு, ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) கூட வாய்ல முணுமுணுக்க வரல. அது குறைதான்.

ஆனா 51 நிமிஷத்துல முடிச்சுட்டாங்க பாருங்க, அதுக்கு ஒரு கும்பிடு. பெரிய பேண்டுங்க இப்ப விடற ஆல்பத்துல எனக்கு எரிச்சலே நீளம்தான். அயர்ன் மெய்டனோட 'செஞ்சுட்சு' 82 நிமிஷம். மெட்டாலிகாவோட '72 சீசன்ஸ்' 77. ஸ்லேயரோட 'ரெயின் இன் ப்ளட்' 29 நிமிஷம் சாமி! 60 நிமிஷ கேசட்ல ஒரு பக்கத்துலயே மொத்தமும் அடங்கிடும். நான் ரெண்டு பக்கமும் அதையே பதிஞ்சு வச்சிருந்தேன். எல்பி இசைத்தட்டு காலத்துல ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிஷத்துக்கு மேல போட்டா ஒலி தேஞ்சுடும். அந்தக் கட்டுப்பாட்டுலதான் வேண்டாத பாட்டு வெளிய போச்சு. சிடி வந்ததும் 80 நிமிஷம் வரை இடம் கிடைச்சுது, வீட்டுல பரண் கிடைச்ச மாதிரி எல்லாத்தையும் ஏத்திட்டாங்க. இப்ப நெட்ல பரணுக்குக் கூரையே இல்ல.

உங்க அனுபவத்தச் சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டலாம்.

நைட்ஷிஃப்ட்:

திட்டத்தான் வந்தேன் தலைவா. '72 சீசன்ஸ்' வந்தது 2023 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. பெங்களூருல ஆபீஸ் ஷிஃப்ட், ஃப்ளோர்ல நாலே பேர். ஒரே மூச்சுல ரெண்டு தடவை ஓட்டினேன்.

2011 அக்டோபர்ல பேலஸ் கிரவுண்ட்ஸ்ல மெட்டாலிகாவப் பார்த்தவன் நான். ரெண்டு நாள் முன்னாடி டெல்லிப் பக்கம் நடக்க வேண்டியது ரத்தாகி, இங்கயும் நடக்குமா நடக்காதான்னு வயித்தக் கலக்கிட்டு ரயில் ஏறினோம். முதல் கிட்டார் சத்தம் காதுல விழற வரைக்கும் நம்பல. அதனால இந்த பேண்டு மேல எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒத்துக்கறேன்.

நீளம் நீளம்னு சொல்றீங்களே, அந்த ஆல்பத்துல உருப்படியான பாட்டு எது தெரியுமா? கடைசியில வர்ற 'இனமொராட்டா'. 11 நிமிஷம்! மெட்டாலிகா பதிஞ்ச சொந்தப் பாட்டுலயே நீளமானது அதுதான். அவசரமே இல்லாம நடக்குது, நடுவுல எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் நிக்குது, மறுபடி மெல்ல மெல்லக் கட்டி எழுப்பறாங்க. போர் அடிக்கறது நடுவுல இருக்கற அஞ்சாறு நிமிஷப் பாட்டுங்கதான், ஒரே வேகம், ஒரே அச்சு. குத்தம் நீளத்துல இல்ல, கழிக்கத் தெரியாததுல.

தலைப்புக்கு அர்த்தம் மனுஷனோட முதல் 18 வருஷம். வருஷத்துக்கு நாலு பருவம், மொத்தம் 72. அந்த வயசுல நமக்குள்ள ஏத்தினதத்தான் சாகற வரைக்கும் சுமக்கறோம்னு மெட்டாலிகா பாடகர் ஹெட்ஃபீல்ட் பாடறார். என்னோட 72 பருவமும் அரக்கோணம். அங்க எங்க நாலு பருவம், வெயில், அதவிட வெயில், ஒரு மாசம் மழை. ஆனாலும் ராத்திரி மூணு மணிக்கு அதக் கேட்டப்போ அப்பா ஞாபகம் வந்துடுச்சு, எழுந்து போய் டீ மிஷின் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன். இதுக்கு மேல எழுதல.

இன்னொண்ணு. ஒலி. அவங்களோட 2008 ஆல்பம் 'டெத் மேக்னெடிக்'ல சத்தத்த ஏத்தி ஏத்தி டிரம்ஸ் எல்லாம் கரகரன்னு உடைஞ்சுது. கிட்டார் ஹீரோங்கற வீடியோ விளையாட்டுல வந்த அதே பாட்டுங்க தெளிவா இருக்குன்னு ஜனங்க அதத் தேடி எடுத்துக் கேட்டாங்க. '72 சீசன்ஸ்'ல அந்தத் தலைவலி இல்ல.

கோவைடிரம்மர்:

வணக்கங்கண்ணா. எனக்கு 23 வயசு, உங்க கேசட் கதையெல்லாம் எனக்கு வரலாற்றுப் பாடம். நான் மெட்டலுக்குள்ள வந்ததே டெல்லி பேண்டு பிளட்டிவுட் வழியாத்தானுங்க, டோல் மேளம் அடிச்சு ஆரம்பிச்சதக் கேட்டு. நான் சொல்ல வந்தது பிளட் இன்கன்டேஷன் பேண்டோட 'ஆப்சலூட் எல்ஸ்வேர்'. அமெரிக்காவுல டென்வர் ஆளுங்க, 2024 அக்டோபர்ல வந்துச்சு. மொத்தமே ரெண்டு பாட்டு, ஒவ்வொண்ணும் மூணு துண்டு, பாட்டுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல. எல்பிக்கு ஒரு பக்கம் ஒரு பாட்டு. பழையகேசட் அண்ணாவுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

ஹால்ல ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். தொடக்கத்துல ப்ளாஸ்ட் பீட், அதாவது டிரம்ஸ படுவேகமா அடிக்கறப்போ அப்பா கதவச் சாத்திட்டுப் போனாரு. ரெண்டாவது துண்டுல ஜெர்மன் எலக்ட்ரானிக் பேண்டு டாஞ்சரின் ட்ரீம் ஆள் ஒருத்தர் சின்தசைசர் வாசிக்கறாரு, பெர்லின் ஹன்சா ஸ்டுடியோவுல பதிஞ்சது. அப்ப அப்பா திரும்பி வந்து சோஃபாவுல உட்கார்ந்து "இது என்ன பாட்டு சாமி, நல்லா இருக்குதே"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. மறுபடி உறுமல் வந்துச்சுங்க. எந்திரிச்சுப் போவாருன்னு பார்த்தேன், போகல. "இந்த ஆளுக்குத் தொண்டை புண்ணாகாதா?"ன்னு கேட்டாரு.

அதுக்குப் பதில் சொல்ல நான் தேடிப் படிச்சேனுங்க. ஒழுங்காப் பழகினவங்க குரல்நாணக் கிழிச்சுக் கத்தறதில்ல. குரல்நாணுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்குது. அத நெருக்கி, வயித்துலேர்ந்து வர்ற காத்துல அதிர விடறாங்க. பழகாமக் கத்துனாத்தான் புண்ணாகும். அப்பா சீர்காழியப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு. அது வேற கதை.

டிரம்ஸ் வாசிக்கறவ சொல்றேன், இந்த ஆல்பத்துல வேகத்த விட நிறுத்தறதுதான் கஷ்டம். வேகமா அடிச்சுட்டு இருக்கறப்போ சட்டுன்னு பஞ்சு மாதிரி மெல்ல மாறணும். பயிற்சி பேடுல முயற்சி பண்ணிப் பார்த்தேன், எட்டு நிமிஷத்துல கை விட்டுப் போச்சு.

பனிக்காலம்:

டொரொண்டோவில இருந்து எழுதுறன். சொந்த இடம் யாழ்ப்பாணம். நான் 2024 மார்ச்சில ஜூடாஸ் ப்ரீஸ்ட் எண்ட பிரிட்டிஷ் பேண்டின்ர 'இன்வின்சிபிள் ஷீல்ட்' கேட்ட கதை இது.

பாடகர் ஹால்ஃபர்டுக்கு அப்ப வயசு 72. 'பானிக் அட்டாக்' பாட்டில அந்த மனுசன் மேல போற சத்தத்தக் கேட்டா ஆரும் நம்பமாட்டினம். வேலைக்குக் காரில போகேக்க போட்டனான், இறங்கவேண்டிய இடத்தத் தாண்டிப் போட்டன். ஆனா எனக்கு முக்கியம் கிட்டார்காரர் க்ளென் டிப்டன். அவருக்கு பார்க்கின்சன், கை நடுங்கிற வருத்தம், எண்டு 2018இல வெளிய சொன்னவை, சுற்றுப்பயணத்தில அவற்ற இடத்தில ஆண்டி ஸ்னீப் வாசிக்கிறார். அந்த ஸ்னீப்தான் இந்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும். டிப்டன்ர பேரும் கிட்டாருக்கு இருக்குது.

என்ர அப்பாக்கும் அதே வருத்தம். வங்கியில கையெழுத்து ஒத்துவரேல்ல எண்டு காசோலையைத் திருப்பி விட்டவை, அண்டைக்குத்தான் எங்களுக்கு முதல் விளங்கினது. அதால இந்த ஆல்பத்த நான் நேர்மையா மதிப்பிடேலாது. ஒவ்வொரு சோலோ (தனிக் கிட்டார் வாசிப்பு) வரேக்கயும் இது மற்றக் கிட்டார்காரர் ஃபோக்னரோ டிப்டனோ எண்டு காதைக் குடுத்துத் தேடுறன். வேகமானது எல்லாம் ஃபோக்னர் எண்டு நினைக்கிறன். மெதுவா ஒரு வளைவு வந்தா டிப்டன் எண்டு எனக்கு நானே சொல்லிக் கொள்ளுறன். பிழையாயும் இருக்கலாம்.

குறை சொல்லச் சொன்னா, டிரம்ஸ் சரியான துப்புரவா இருக்கு. ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி, ஆள் அடிச்ச மாதிரித் தெரியேல்ல. அவையின்ர 1980 ஆல்பம் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' போட்டுப் பாருங்கோ, அறைக்குள்ள ஆக்கள் நிக்கிற மாதிரி இருக்கும்.

பழையகேசட்:

பனிக்காலம், உங்க பதிவுக்கு அப்புறம் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'ட மறுபடி எடுத்தேன். முதல் தடவை "சுத்தமா இருக்கு, சரி"ன்னு தள்ளிட்டேன். இந்தத் தடவை 'க்ரௌன் ஆஃப் ஹார்ன்ஸ்'ல நிதானமா ஒரு சோலோ வந்துச்சு. யார்னு நானும் தேடினேன், கண்டுபிடிக்க முடியல. அப்பாவுக்கு இது கேக்கறதுக்குப் பிடிக்குமா?

நைட்ஷிஃப்ட், 'இனமொராட்டா' மட்டும் மூணு தடவை கேட்டாச்சு. தோத்தேன்னு எழுதிக்கோங்க. மிச்ச 66 நிமிஷத்துக்கு நான் தோக்கல.

கோவைத் தங்கச்சி, உங்க ஆல்பம் இந்த ஞாயித்துக்கிழமை. இஸ்திரி வேலைய இப்ப வெளியில குடுத்துட்டோம்.

பனிக்காலம்:

பழையது பிடிக்கும். போன கிழமை ப்ரீஸ்டின்ர பழைய பாட்டு 'பியாண்ட் தி ரெல்ம்ஸ் ஆஃப் டெத்' போட்டனான். அதில ஒரு சோலோ டிப்டன்ர. பாட்டு முடியுமட்டும் கதைக்கேல்ல, பேந்து திரும்பவும் போடச் சொன்னவர்.