வாய்தா 40 நாள் கழித்தாம்

சித்தி: மேல்வீட்டுப் பெண் இன்றைக்குக் கோர்ட்டில் மனு போட்டாள். 40 நாள் தள்ளி வாய்தா கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அவள் எப்படி இருப்பாள்? நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவள் புருஷன் வந்து கதவை உதைத்ததில் தாழ்ப்பாள் ஸ்குரூ கழன்று தொங்குகிறது.

மாமா: கோர்ட் என்றால் இழுக்கத்தான் செய்யும். பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கலாமே.

அக்கா: இரண்டு தடவை பேசிவிட்டுத்தான் மாமா அவள் கோர்ட்டுக்கே போனாள். சித்தி, மனு எந்தச் சட்டத்தில்?

சித்தி: குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 12 என்று மேலே இருக்கிறது.

அக்கா: அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று. அடி வாங்கியவள் காத்திருக்க முடியாது என்று தெரிந்துதானே அப்படி எழுதினார்கள். வழக்கு குவிந்து கிடக்கிறது, சரி, ஆனால் அந்த 40 நாளும் அவன் சும்மா இருப்பானா? பிரிவு 23-இல் இடைக்கால மனு சேர்த்துப் போட்டாளா, கேளுங்கள்.

சித்தி: இல்லையாம். வாய்தா அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னாராம்.

அக்கா: அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போடச் சொல்லுங்கள், கூடவே பிரமாண வாக்குமூலம். அதில் நேற்று நடந்ததைத் தேதி, மணியோடு எழுத வேண்டும், தாழ்ப்பாளை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தியானால் அவன் வராமலே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போடலாம். வாய்தாவை முன்னால் கொண்டுவரவும் மனு கொடுக்கட்டும்.

மாமா: உத்தரவைக் காட்டினால் மட்டும் நின்றுவிடுவானா?

அக்கா: மீறினால் அதுவே தனிக் குற்றம் மாமா. ஒரு வருடம் வரை சிறை, இல்லை 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். உத்தரவு நகல் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகும், அவளுக்கும் இலவசம்.

சித்தி: வக்கீலுக்கு இன்னொரு தடவை கொடுக்க அவளிடம் பணமில்லை.

அக்கா: சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கச் சொல்லுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். ராத்திரி திரும்ப வந்தான் என்றால் யாரும் கதவைத் திறக்காதீர்கள், 112-க்கு அடியுங்கள்.

மாமா: காலையில் ஒன்பது மணிக்கு வண்டியோடு வருகிறேன், கோர்ட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன்.

சித்தி: சரிங்க அண்ணா. இன்றைக்கு எங்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். குழந்தை தூங்கிவிட்டது, அவள்தான் இன்னும் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள்.