கோழிக்குஞ்சு திடீர்னு செத்துப்போச்சு, அறுத்துப் பாத்தப்ப உள்ள என்ன இருந்துச்சு? உங்க அனுபவத்த சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சாயங்காலம் கொடாப்புல கவுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. விடிஞ்சு எடுத்தா பாதி விறைச்சுக் கெடக்குது, மீதி றெக்கைய தொங்கப் போட்டுட்டு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்குது. நாலாவது வாரக் குஞ்சு, அடை வெச்சுப் பொரிச்சது, கடைல வாங்குனது இல்ல. ஜூன் மழை எங்க பக்கம் எப்படின்னு தெரியுமில்ல, வாசல் பூரா சேறு. ஊருல எல்லாரும் வெள்ளக்கழிச்சல்னுட்டாங்க, ஒரு அண்ணன் போன்லயே மருந்துப் பேரும் அனுப்பிட்டாரு. நான் செத்ததுல ஒண்ண கவர்ல போட்டு மிருகாசுபத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா பேப்பர விரிச்சு வயித்த வகுந்தாங்க. குடல் முடியற எடத்துல ரெண்டு குருட்டுக்குடல் இருக்குமில்ல, அது ரெண்டும் உப்பி கருஞ்செவப்பா இருந்துச்சு, நுனில கத்தரி வெச்சாங்க பாருங்க, உறைஞ்ச ரத்தம் கட்டியா வழுக்கிட்டு வெளிய வந்துச்சு. குஞ்சே ஒரு கைக்குள்ள அடங்கிரும், அதுக்குள்ள அவ்வளவு ரத்தம். "இது கோக்சி, வெள்ளக்கழிச்சல் அல்ல"ன்னு மலையாளமும் தமிழுமா சொன்னாங்க, கோக்சின்னா குடல்ல வர்ற ரத்தக்கழிச்சல் நோய். எச்சத்துல விழுற நோய்க்கிருமி முட்டை ஈரத்துலயும் வெதுவெதுப்புலயும் ரெண்டு நாள்ல தயாராயிருமாம், அத கொத்துற குஞ்சு காலியாம். அதுக்கான மருந்து ஆம்ப்ரோலியம் பவுடர தண்ணில கலந்து குடுத்து, தரைய சொரண்டி காஞ்ச உமி போட்டதும் சாவு நின்னுச்சு. கோழி அறுத்துத் திங்கறவன்தான் நானும், ஆனா அந்த ரத்தக்கட்டி மட்டும் இன்னும் கண்ணுலயே நிக்குது.

கம்பத்துக்காரி:
தம்பி, எல்லாத்தையும் கோக்சின்னு முடிச்சிராதீங்க. எங்க வீட்டுல செத்தது பத்து நாள் கூட ஆகாத குஞ்சு, அந்த வயசுல கோக்சி வர்றது அபூர்வம். கழிச்சலே இல்ல. கழுத்த நீட்டி வாயப் பொளந்து பொளந்து மூச்சு வாங்குது, சத்தம் மட்டும் வரல. சளின்னா கொர்கொர்னு கேக்கும்ல, இது ஒண்ணுமே கேக்காது, வாய் மட்டும் தொறந்து மூடுது. காதுகிட்ட வச்சுக்கூடப் பாத்தேன். டாக்டர் அறுத்துட்டு "இங்க விரல வச்சுப் பாரும்மா"ன்னாரு, நுரையீரல் பூரா ரவையத் தூவுன மாதிரி வெளிறிப்போன மஞ்சப் பொடிக்கட்டி. பூஞ்சணமாம். குமுளிப் பக்கத்து மில்லுல இருந்து வந்த மரத்தூள் மூட்டை, மழைல நனைஞ்சதக் காயவச்சுக் குடுத்திருக்காங்க, மேல பாத்தா பொன்னு கணக்கா இருந்துச்சு, நடுவுல பச்சப் பூசணம். வந்ததுக்கு மருந்து இல்லன்னுட்டாரு. இதுல ஆம்ப்ரோலியம் ஊத்தி என்ன ஆகப்போகுது?

புளியரை செக்போஸ்ட் பக்கம்:
2021 ஜனவரி. ஆலப்புழை, கோட்டயத்துல வாத்துக்குப் பறவைக்காய்ச்சல்னு இங்க வர்ற வண்டிக்கெல்லாம் மருந்தடிச்சிட்டு இருந்தாங்கல்லா, அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக் குஞ்சு சாவுது. தெருவே எங்க வாசலப் பாக்காம சுத்திப் போச்சு, பால்காரன் கூட எட்ட நின்னு ஊத்துனான். உசுரோட இருந்த ஒரு குஞ்சு தலைய முதுகுப் பக்கம் திருகிக்கிட்டு வட்டம் சுத்திச்சு, தீனியக் கொத்தும், அலகு வேற எடத்துல போய்க் குத்தும். சோதனைல ராணிக்கெட், அதாவது வெள்ளக்கழிச்சல்தான். சேதி தெரிஞ்சப்புறம் ஒருத்தனும் வந்து கேக்கல, அதச் சொல்லுதேன். ஆமா, கொழிஞ்சாம்பாறை அண்ணே, ஊர்க்காரங்க சொன்னதுல என்ன தப்பு? வெள்ளக்கழிச்சல் வந்தா கூண்டே காலியாவும், அதான் மொத அது நெனப்பு வருது.

களியக்காவிளை அண்ணாச்சி:
நமக்குப் போனது பொரிச்ச மூணாம் நாளு, தொப்புள் மூடாம வயிறு பொதபொதன்னு, உள்ள மஞ்சக்கரு கெட்டுப்போய் நாத்தம். இன்குபேட்டர் சுத்தமில்ல, அவ்வளவுதான் கதை. ஆனா பிள்ளைகளா, ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. செத்த குஞ்ச ஃப்ரீசர்ல போடாதீங்க, உறைஞ்சிட்டா உள்ள ஒண்ணும் வெளங்காது. ரெண்டு கவர்ல கட்டி ஐஸ் டப்பால வச்சு அன்னைக்கே கொண்டு போங்க. சாகப்போறது ஒண்ணு உசுரோட இருந்தா அதையும் சேத்துக் கொண்டு போங்க. வயசு, தீனி, தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் ஒரு சீட்டுல எழுதிக்கிடணும். கேரளாக்காரங்களுக்கு திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டுல அரசு கால்நடை நோய் ஆய்வு நிலையம் இருக்கு, நம்ம பக்கத்துக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி. வெள்ளக்கழிச்சல் வராம இருக்க லசோட்டா தடுப்பு மருந்து ஏழாம் நாளு கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, எட்டு வாரம் ஆனா அதுக்கே வேற தடுப்பூசி றெக்கைக்குக் கீழ. மருந்து ஐஸ் இல்லாம பஸ்ல வந்திருந்தா அது வெறும் தண்ணி. மொத வாரம் பல்பு சூடு 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரம் அஞ்சஞ்சா கொறைங்க. கடலைப் புண்ணாக்கு மோந்து பாத்து வாங்குங்க, பூசணம்னா ஈரல் போயிரும். மஞ்சளும் சின்ன உள்ளியும் அரச்சு...

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணாச்சி, நாங்க மருந்துச்சீட்டு கேக்கலைங்க. புளியரைக்காரரே, தப்புன்னு நான் சொல்லவே இல்லையே, அறுத்துப் பாக்காம எப்படிச் சொல்றாங்கன்னுதான்.

வேலந்தாவளம்:
அறுத்தாலும் குடல மட்டும் பாத்தாப் பத்தாதுங்க. எங்களோடது ஒரு மாசம் தாண்டுன குஞ்சு, மத்தியானம் மேஞ்சுட்டு இருந்ததுக தொபுக்குனு விழுந்து ஒதறிட்டுச் செத்துச்சு, தாய்க்கோழியும்தான். நோய்ல தாயும் குஞ்சும் ஒரே மணி நேரத்துல போகுமா? நானே பிளேடு வெச்சு தீனிப்பைய கீறுனேன். உள்ள ரோஸ் கலர்ல சோளம், கழுவுனாலும் கலர் போகல. மருந்து பூசுன விதைச்சோளம். ஒரு காடு தள்ளி அன்னைக்குக் காலைலதான் விதைச்சிருக்காங்க. கேட்டா "உங்க கோழிய நாங்களா கூப்டோம்"ங்கறாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடைச்சு வெச்சிருப்பமுல்ல. அந்தச் சோளத்த ஒரு பாட்டல்ல போட்டு பரண்ல வெச்சிருக்கேன், வீட்டுல தூக்கிப் போடச் சொல்றாங்க.

கம்பத்துக்காரி:
அய்யய்யோ, அந்தத் தாய்க்கோழிய யாரும் கறி வச்சிரலையே? பாட்டலப் பிள்ளைக கைக்கு எட்டாம வைங்க.

வேலந்தாவளம்:
இல்லக்கா, ஆழமாக் குழி தோண்டிப் பொதைச்சாச்சு. நாய் தோண்டுமேன்னு மேல முள்ளும் கல்லும் போட்டிருக்கு.