சின்னவனின் கண் அரிப்பு: குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

சாந்தி (செந்தூல்): யாராவது முழித்திருக்கிறீர்களா? சின்னவனுக்கு ரெண்டு கண்ணும் சிவந்து கிடக்கிறது, காலையிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறான். கையைப் பிடித்தால் தோளில் வைத்துத் தேய்க்கிறான். ஒட்டிக்கொள்ளும் கண் வலி என்றால் நாளைக்குப் பள்ளிக்கு அனுப்பக் கூடாதே, என்ன செய்ய?

பெரியப்பா: பெரியம்மாவுக்குப் புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து ஐஸ் பெட்டியில் மிச்சம் இருக்கிறது. ஒரே நாளில் சிவப்பு போய்விடும். வந்து எடுத்துக்கொள்ளம்மா.

மாலா அக்கா: பெரியப்பா, தயவுசெய்து அது வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு சட்டென்று அடங்குவதால் எல்லோரும் நல்ல மருந்து என்று நம்பிவிடுகிறார்கள், ஆனால் டாக்டர் பார்க்காமல் போட்டுக்கொண்டே போனால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுகோமா வரலாம், புரையும் வரலாம், சில கிருமிகள் இருந்தால் இன்னும் பரவும். சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். திறந்த பாட்டிலைப் பொதுவாக 28 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

மாலா அக்கா: சாந்தி, அரிப்பா வலியா? பீளை மஞ்சளாகவா, வெள்ளையாகவா?

சாந்தி: அரிப்புதான் அக்கா, வலி இல்லை என்கிறான். தண்ணீராக ஊற்றுகிறது, ஓரத்தில் வெள்ளையாக நூல் மாதிரி இழுபடுகிறது. தும்மலும் இருக்கிறது. போன மாதமும் இப்படி வந்து அடங்கியது.

மாலா அக்கா: அப்படியென்றால் ஒவ்வாமையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அது யாருக்கும் ஒட்டாது. கிருமியால் வருவது பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும், மஞ்சள் பீளை கட்டிக் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். தாதி வேலையில் இருந்தபோது எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், முதலில் நிறுத்த வேண்டியது தேய்ப்பதைத்தான். தேய்க்கத் தேய்க்க, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் இன்னும் சுரக்கும், அரிப்பு கூடும், மறுபடி தேய்ப்பான். வருஷக்கணக்கில் இப்படியே போனால் கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே தள்ளவும் கூடும். இப்போதைக்குச் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வை.

வசந்தி அத்தை: ரெண்டு சொட்டு பன்னீர் விட்டால் குளுகுளுவென்று இருக்குமே?

மாலா அக்கா: வேண்டாம் அத்தை, அது கண்ணுக்கென்று கிருமி நீக்கித் தயாரித்தது இல்லை. பார்மசியில் செயற்கைக் கண்ணீர் கிடைக்கும், அதை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக் கண்ணில் விட்டால் அதே குளிர்ச்சிதான், தூசியையும் கழுவிவிடும்.

ரவி மாமா (பட்டர்வொர்த்): புகைமூட்டமாக இருக்குமோ?

மாலா அக்கா: புகைமூட்டம் கண்ணை உறுத்தும், இருக்கிற ஒவ்வாமையைக் கிளப்பியும் விடும். காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அவனை வெளியே விளையாட விடாதீர்கள். ஆனால் வருஷம் முழுக்க வந்து வந்து போகிறது, எழுந்ததும் அதிகம் என்றால் எனக்குப் படுக்கைமேல்தான் சந்தேகம். நம் ஊர் ஈரக் காற்றில் தூசி உண்ணி நன்றாகப் பெருகும், கண்ணுக்கே தெரியாது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்று மெத்தையிலேயே வாழும். அவன் எந்தத் தலையணையில் படுக்கிறான்?

சாந்தி: பாட்டி தைத்துக் கொடுத்த பழைய இலவம் பஞ்சுத் தலையணை. அதை விட்டால் தூக்கமே வராது.

மாலா அக்கா: பாசம் புரிகிறது, ஆனால் அதை எடுத்துவிடு. துவைக்கக்கூடிய தலையணை வாங்கு, உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவை. ஏர்கான் பில்டரைக் கழுவு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அவன் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

கவிதா: அக்கா, எனக்கும் அடிக்கடி அரிக்கும், நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன்.

மாலா அக்கா: அடங்கும் வரை கண்ணாடிக்கு மாறு. வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ, லென்ஸ் போடுகிறவர்கள் தள்ளிப்போடவே கூடாது. சாந்தி, நீயும் காலையில் அவனைக் கிளினிக்கில் காட்டிவிடு. ஒவ்வாமைதான் என்று உறுதியானால் வயதுக்கு ஏற்ற ஒவ்வாமைச் சொட்டு கொடுப்பார்கள்.

சாந்தி: சரி அக்கா. ஆனால் சொட்டு என்றாலே இமையை இறுக்கி மூடிக்கொள்வானே.

மாலா அக்கா: மூடட்டும். மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கோரம் உள்ள கண் மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு மெதுவாகத் திறக்கச் சொல், தானாக உள்ளே இறங்கிவிடும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. ரெண்டு விதமான சொட்டு மருந்து கொடுத்தால் நடுவில் ஐந்து நிமிஷம் விடு.