குரோமியக் கழிவு நீருக்கு ஏற்ற அயனிப் பரிமாற்றப் பிசின்: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறிய உலோக முலாம் பட்டறை ஒன்றின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். நிக்கலும் குரோமியமும் கலந்த எங்கள் கழுவுநீரை இப்போது தொட்டியில் தேக்கி வைத்திருக்கிறோம். வெளியே விட்டால் அது செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில்தான் சேரும், அங்கே பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள்.

அயனிப் பரிமாற்றப் பிசின் என்பது நீரில் கரைந்த அயனிகளைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள வேறு அயனிகளை விடும் சிறு மணிகள். நிக்கல் நேர்மின் அயனி என்பதால், அவ்வகை அயனிகளைப் பிடிக்கும் கேட்டயன் பிசினில் நன்றாகவே சிக்குகிறது. கண்ணாடிக் குழாயில் மணிகள் மேலிருந்து கீழாகப் பச்சையாவதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருப்பதால், அந்தப் பிசினைக் கடந்து மஞ்சளாகவே வெளிவருகிறது. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்கழிவு நீர் விதிமுறைகளோ லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை.

குரோமேட்டைப் பிடிக்க, எதிர்மின் அயனிகளுக்கான ஆனயன் பிசின்களில் வலுவான காரவகை நல்லதா, வலுக்குறைந்த காரவகை நல்லதா? குரோமேட் பிசினையே ஆக்சிஜனேற்றிச் சிதைக்கக்கூடியது என்பதால், நீண்டகாலம் பயன்படுத்தியவர்களின் அனுபவமே எனக்கு முக்கியம். பிடித்த அயனிகளைக் கழுவி நீக்கிப் பிசினை மீளூட்டும்போது கிடைக்கும் அடர்கழிவை, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயகரமான கழிவு) விதிகளின்படி, பேராக்கில் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். அணு உலை நீரிலிருந்து கதிரியக்கச் சீசியத்தைப் பிரிக்கவும் இத்தகைய பிசின்கள் பயன்படுவதால், அத்துறையில் பணியாற்றியவர்கள் இருந்தால் அவர்களும் அவசியம் எழுத வேண்டுகிறேன்.